பல் கூச்சம்: எத்தனை நொடி, எத்தனை பல் என்று பார்த்துக் காரணம் தேடும் வழி

பல் கூசுகிறது என்று வருகிறவர்கள் முதலில் சொல்வது அது எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதைத்தான். நான் பதிலுக்குக் கேட்பது வேறு இரண்டு கேள்விகள். கூச்சம் வந்தால் எத்தனை நொடி நிற்கிறது? ஒரு பல்லிலா, பல பற்களிலா?

கடுமையை மட்டும் வைத்து முடிவெடுத்தால் ஏமாந்துவிடுவோம். உயிர் போகிற மாதிரி சுருக்கென்று குத்திவிட்டு இரண்டு நொடியில் அடங்கும் கூச்சம் பல நேரங்களில் பேஸ்ட்டிலும் பிரஷ் செய்யும் முறையிலும் சரியாகிவிடும். லேசாகத் தொடங்கி ஒரு நிமிடம் வரை விண்ணென்று தங்கும் கூச்சம்தான் வேர் சிகிச்சை (ரூட் கனால்) வரை போகிறது. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அந்த இரண்டு கேள்விகளை வைத்தே போகிறது.

உடற்கூறு விளக்கத்தில் ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும்: எனாமலுக்கு உணர்ச்சி கிடையாது. கூசுகிறது என்றால், எனாமலுக்கு அடியில் உள்ள மஞ்சள் நிற டென்டின் எங்கோ வெளியே தெரிகிறது, அல்லது அதற்கும் உள்ளே இருக்கும் நரம்பு எரிச்சலடைந்திருக்கிறது. முதல் வகை பெரும்பாலும் அதிகச் செலவில்லாமல் தீரக்கூடியது. இரண்டாவது வகையில் தாமதம் ஆக ஆகச் செலவும் சிரமமும் கூடும்.

## இந்த நிலைகளில் சோதனை எதுவும் வேண்டாம், உடனே கிளம்புங்கள்

முகமோ தாடையின் அடிப்பகுதியோ வீங்கி, கூடவே காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, எச்சில் விழுங்கச் சிரமம், நாக்கு மேலே தள்ளப்படுவது போன்ற உணர்வு, மூச்சுத் திணறல் இவற்றில் ஏதாவது இருந்தால் பல் மருத்துவருக்காகக் காத்திருக்க வேண்டாம். மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பல்லில் தொடங்கிய தொற்று கழுத்துக்குள் இறங்கினால் மூச்சுப்பாதையை அடைத்துவிடும்.

நடக்கும்போதும் படி ஏறும்போதும் கீழ்த்தாடையில் வலி வந்து, உட்கார்ந்தால் அடங்குகிறதா? நெஞ்சில் அழுத்தம், வியர்வை, இடது கையில் கனம் சேர்ந்து வருகிறதா? இது இதய வலியாக இருக்கலாம். இதற்கும் அவசரப் பிரிவுதான்.

விழுந்தோ அடிபட்டோ பல் உடைந்து, உடைந்த இடத்தின் நடுவில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் நரம்பு வெளியே வந்துவிட்டது என்று பொருள். அன்றைக்கே பல் மருத்துவரைப் பாருங்கள்.

## வீட்டில் செய்யும் சோதனை

நல்ல வெளிச்சம், ஒரு கண்ணாடி, காது குடையும் பஞ்சுக் குச்சிகள் சில, ஒரு கோப்பை ஐஸ் தண்ணீர். இவை போதும்.

பஞ்சுக் குச்சியை ஐஸ் தண்ணீரில் நனைத்து, சந்தேகமான பக்கத்தில் ஒவ்வொரு பல்லாகத் தொடுங்கள். ஈறை ஒட்டிய கழுத்துப் பகுதி, கடிக்கும் பரப்பு, உட்புறம் என்று தனித்தனியாகத் தொட வேண்டும். கூசியதும் குச்சியை எடுத்துவிட்டு, எடுத்த நொடியிலிருந்து எண்ணுங்கள். அடுத்த பல்லுக்குப் போகும் முன் ஒரு நிமிடம் இடைவெளி விடுங்கள். வாய் நிறைய ஐஸ் தண்ணீர் குடித்துப் பார்ப்பதால் பயனில்லை, எந்தப் பல் என்று கடைசிவரை தெரியாது.

அடுத்து, நகத்தைப் பல்லின் மேல் வைத்து ஈறை நோக்கி மெல்ல இழுங்கள். ஈறுக்குச் சற்று மேலே நகம் ஒரு பள்ளத்தில் விழுந்தால், அங்கே பல் தேய்ந்திருக்கிறது. பிறகு உலர்ந்த பஞ்சுக் குச்சியின் தலையை ஒவ்வொரு பல்லின் மேலும் வைத்துக் கடித்து, மெதுவாக விடுங்கள். கடிக்கும்போது வலிக்கிறதா, விடும்போது வலிக்கிறதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வேறுபாடு பிறகு உதவும். கடைசியாகப் பல் இடுக்கு நூலை எல்லா இடுக்கிலும் விட்டுப் பாருங்கள். ஒரே இடத்தில் ஒவ்வொரு முறையும் சிக்கினாலோ, நூல் பிய்ந்து வந்தாலோ அந்த இடுக்கில் சொத்தையோ, ஓரம் பெயர்ந்த அடைப்போ (ஃபில்லிங்) இருக்கலாம்.

சரி, இனி உங்கள் அறிகுறிக்குப் போகலாம்.

## அறிகுறி 1: குளிர்ச்சி பட்டால் பல பற்களில் சுருக்கென்று குத்துகிறது, உடனே போய்விடுகிறது

மிக அதிகமாக வரும் புகார் இதுதான். கோரைப் பல்லும் அதற்கு அடுத்த சிறு கடைவாய்ப் பற்களும்தான் பெரும்பாலும் கூசும், அதுவும் ஈறை ஒட்டிய வெளிப்பக்கத்தில். குளிர்ந்த காற்றை உள்ளே இழுத்தால்கூடச் சுருக்கென்று இருக்கும்.

முதலில் பிரஷைப் பாருங்கள். வாங்கிச் சில வாரங்களிலேயே நார்கள் விரிந்து படுத்துவிட்டால் நீங்கள் அழுத்தித் தேய்க்கிறீர்கள். வலது கைக்காரர்களுக்கு இடது பக்கப் பற்களில் தேய்மானம் அதிகமாக இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். மென்மையான நார் கொண்ட பிரஷுக்கு மாறுங்கள். முழுக் கையால் பிடிக்காமல் பேனா பிடிப்பதுபோல் விரல்களால் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும். பிரஷை ஈறை நோக்கி 45 பாகை சாய்த்து, சிறு சிறு வட்டமாக, மொத்தம் 2 நிமிடம். குறுக்கே ரம்பம் இழுப்பதுபோல் தேய்ப்பதை விட்டுவிடுங்கள். கரித்தூள், உப்புத்தூள், சொரசொரப்பான பற்பொடி எல்லாம் திறந்துகிடக்கும் வேர்ப் பகுதியை இன்னும் அரிக்கும். பற்களை வெண்மையாக்குவதாகச் சொல்லும் பேஸ்ட்டுகள் சிலவற்றிலும் உராய்வுப் பொருள் அதிகம், கொஞ்ச காலம் நிறுத்திப் பாருங்கள்.

அடுத்து, புளிப்பு. அமிலத்தை pH என்ற எண்ணால் அளப்பார்கள், எண் குறையக் குறைய அமிலம் அதிகம். வாயின் pH சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். கோலா பானங்களும் எலுமிச்சைச் சாறும் சுமார் 2.5 அளவிலேயே நிற்கின்றன. எவ்வளவு குடித்தோம் என்பதைவிட எவ்வளவு நேரம் வாயில் வைத்திருந்தோம் என்பதுதான் கணக்கு. ஒரு பாட்டிலை இரண்டு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுகிறவரின் பல், அதையே சாப்பாட்டோடு குடித்து முடிப்பவரின் பல்லைவிட வேகமாகத் தேயும். எடை குறைப்பதற்காகக் காலை முழுவதும் எலுமிச்சைத் தண்ணீர் பருகுவது, விட்டமின் சி மாத்திரையைச் சப்பிச் சாப்பிடுவது, உடற்பயிற்சி செய்யும்போது விளையாட்டு பானத்தால் வாயை நனைத்துக்கொண்டே இருப்பது எல்லாம் இதில் சேரும். நல்லது என்று நம்பிச் செய்வதால் யாரும் இவற்றைச் சந்தேகப்படுவதில்லை, நான் கேட்ட பிறகுதான் சொல்கிறார்கள்.

புளிப்பானதைச் சாப்பிட்டதும் பல் துலக்காதீர்கள். அமிலம் பட்ட எனாமல் சற்று நேரம் இளகியிருக்கும், அப்போது தேய்த்தால் அப்படியே வந்துவிடும். தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

பிறகு, கூச்சத்துக்கான பேஸ்ட். பொட்டாசியம் நைட்ரேட் 5 சதவீதம் உள்ளவை நரம்பின் உணர்ச்சியை மட்டுப்படுத்தும். ஸ்டேனஸ் ஃபுளோரைடு, ஆர்ஜினின், கால்சியம் சோடியம் பாஸ்போசிலிகேட் உள்ளவை டென்டினில் உள்ள நுண்துளைகளை அடைக்கும். எது ஆனாலும் ஒரு நாளைக்கு இரண்டு முறை, தவறாமல். பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். மூன்றே நாள் தேய்த்துவிட்டு இது வேலை செய்யவில்லை என்று வேறு பேஸ்ட்டுக்குத் தாவுவதால்தான் பலருக்குப் பலன் தெரிவதே இல்லை. துலக்கி முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள். மருந்து பல்லில் தங்க வேண்டும். படுக்கப் போகும் முன் கூசும் இடத்தில் விரலால் கொஞ்சம் தடவி அப்படியே விடுவதும் நல்ல பழக்கம்.

எப்போது மருத்துவரிடம்: மேலே சொன்னதை ஒழுங்காகச் செய்தும் 4 வாரத்தில் குறையவில்லை என்றால், அல்லது நகம் விழும் அளவுக்குப் பள்ளம் இருந்தால். முதலில் ஃபுளோரைடு வார்னிஷ் பூசுவார்கள், சில நிமிட வேலை. பள்ளம் ஆழமாக இருந்தால் பல் நிற அடைப்பு வைப்பார்கள். ஈறு அதிகம் இறங்கி வேர் நன்றாக வெளியே தெரிந்தால் ஈறு ஒட்டு அறுவை சிகிச்சை. கடைசியில் சொன்னது எல்லோருக்கும் தேவைப்படாது.

## அறிகுறி 2: ஒரே ஒரு பல் மட்டும் கூசுகிறது, குறிப்பாக இனிப்புக்கு

இங்கே நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். ஒரே ஒரு பல் கூசினால் பேஸ்ட் வாங்கிக் காத்திருக்காதீர்கள். அந்தப் பல்லுக்கென்று தனியாக ஒரு காரணம் இருக்கிறது. பேஸ்ட் அந்தக் காரணத்தைத் தொடாது, கூச்சத்தை மட்டும் மறைக்கும். கூசுவது நின்றுவிட்டதே என்று நிம்மதியாக இருக்கும் மாதங்களில் சொத்தை உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும். சிறிய அடைப்போடு முடிந்திருக்க வேண்டிய பல் வேர் சிகிச்சைக்குப் போவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

எளிதான காரணத்திலிருந்து தொடங்குவோம். இடுக்கில் உணவு சிக்கியிருக்கிறதா? நூல் விட்டு எடுத்துவிட்டு ஒரு நாள் பாருங்கள். மறுபடி மறுபடி அதே இடத்தில் சிக்கினால் இரண்டு பற்களுக்கு நடுவே இடைவெளி திறந்திருக்கிறது, அதை மருத்துவர்தான் அடைக்க வேண்டும். பல்லின் முனை சிறிதாக உடைந்திருக்கிறதா? நாக்கால் தடவினால் கூர்மை தெரியும். பழைய அடைப்பின் ஓரத்தில் கறுப்புக் கோடு தெரிகிறதா? ஓரம் கசிகிறது.

எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் சொத்தை இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டு பற்கள் தொடும் இடத்தில் தொடங்கும் சொத்தையைக் கண்ணாடியில் பார்க்க முடியாது, எக்ஸ்ரேதான் காட்டும். கடைசிக் கடைவாய்ப் பல்லுக்கு முந்தைய பல் கூசினால், பின்னால் சாய்ந்து முளைத்த ஞானப் பல் அதை அரித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எப்போது மருத்துவரிடம்: ஒரு வாரத்துக்குள். கூச்சம் இன்னும் சில நொடிகளிலேயே அடங்குகிறது என்றால் பெரும்பாலும் அடைப்பிலேயே முடிந்துவிடும்.

## அறிகுறி 3: கூச்சம் தங்குகிறது, சூட்டுக்கு வலிக்கிறது, இரவில் எழுப்புகிறது

குச்சியை எடுத்து 30 நொடி ஆன பின்னும் வலி நிற்கிறது. சூடான பானம் குடித்தால் வலி தொடங்குகிறது. எதுவும் படாமலே தானாக வருகிறது. படுத்தால் அதிகமாகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலே பேஸ்ட், வார்னிஷ் எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். உள்ளே உள்ள நரம்புத் திசு திரும்ப முடியாத அளவுக்கு வீங்கியிருக்கலாம்.

சூட்டுக்கு வலித்து, ஐஸ் தண்ணீர் வாயில் வைத்தால் அடங்குகிறது என்றால் நிலைமை இன்னும் முற்றிவிட்டது. பாட்டிலில் குளிர்ந்த நீரோடு வந்து, வாயில் வைத்துக்கொண்டே காத்திருக்கிறவர்களைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

அப்புறம் இன்னொன்று. பல நாள் வலித்த பல்லில் திடீரென்று ஒரு நாள் வலி முழுமையாக நின்றுவிடும். குணமாகிவிட்டது என்று வரவேண்டிய நேரத்தை ரத்து செய்துவிடுவார்கள். நரம்பு செத்துவிட்டால் கூச்சம் இருக்காது. தொற்று வேரின் நுனியைத் தாண்டி எலும்புக்குள் போகும். சில வாரமோ மாதமோ கழித்து, கடித்தால் வலியாகவோ ஈறில் சீழ்க் கொப்புளமாகவோ திரும்பி வரும். வலி நின்றாலும் போய்க் காட்டுங்கள்.

வழிகள் இரண்டு: வேர் சிகிச்சை, அல்லது பல்லை எடுப்பது. ஆன்டிபயாடிக் மாத்திரை இந்த வலியைக் குணப்படுத்தாது, வீங்கிய நரம்பு உள்ளேதான் இருக்கும். வீக்கம், காய்ச்சல் என்று தொற்று பரவினால்தான் அதற்கு வேலை. பழைய சீட்டைக் காட்டி நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

மருத்துவரைப் பார்க்கும் வரை உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் வலி மாத்திரையை உறையில் சொன்ன அளவில் சாப்பிடலாம். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், கர்ப்பம், ரத்தம் உறையாமலிருக்க மருந்து என்று ஏதாவது இருந்தால் ஐபுபுரூஃபன் வகையைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். தலையணையை உயர்த்திப் படுத்தால் துடிப்பு கொஞ்சம் குறையும். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் ஒதுக்கி வைப்பதையும், கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் தோய்த்து மணிக்கணக்கில் வைப்பதையும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். பல் வலியோடு ஈறும் கன்னமும் வெந்துபோய் வருகிறார்கள்.

## அறிகுறி 4: கடித்தால் வலி

கடிக்கும்போது வலி, சமீபத்தில் அடைப்போ கிரவுனோ (பல்லை மூடும் உறை) வைத்தது: அது ஒரு மயிரிழை உயரமாக இருக்கலாம். மரத்துப்போன வாயோடு கடித்துப் பார்த்ததால் அன்றைக்குத் தெரிந்திருக்காது. சரி செய்வது ஐந்து நிமிட வேலை. பழகிவிடும் என்று விட்டால் அந்தப் பல்லைச் சுற்றியுள்ள திசு அடிபட்டு, குளிர்ச்சிக்கும் கூசத் தொடங்கும்.

கடித்துவிட்டு விடும்போது சுருக்கென்று வலி: பல்லில் விரிசல் இருக்கலாம். பெரிய பழைய அடைப்புள்ள கடைவாய்ப் பல், ஐஸ் கட்டியைக் கடித்து நொறுக்கும் பழக்கம், இரவில் பல் கடிப்பது, இந்த மூன்றும் சந்தேகத்தைக் கூட்டும். விரிசலை எக்ஸ்ரே பெரும்பாலும் காட்டாது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று ஒருவர் சொல்லியும் வலி தொடர்ந்தால், எந்தப் பக்கம் கடித்து விடும்போது வருகிறது என்பதைச் சொல்லி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பல்லின் ஒவ்வொரு முனையிலும் தனித்தனியாகக் கடிக்கவைத்தும், ஒளி பாய்ச்சியும் கண்டுபிடிப்பார்கள். நேரத்தோடு கிரவுன் போட்டால் பல நேரங்களில் பல் நிலைக்கும். விரிசல் வேர் வரை இறங்கிவிட்டால் பல்லை எடுப்பதைத் தவிர வழியில்லை.

தட்டினாலே வலி, பல் உயர்ந்துவிட்ட மாதிரி இருக்கிறது: வேரின் நுனியில் தொற்று இருக்கலாம். அறிகுறி 3-இல் உள்ளதே இதற்கும்.

## அறிகுறி 5: பல் சிகிச்சைக்குப் பிறகுதான் தொடங்கியது

ஸ்கேலிங் (பற்காரையை, அதாவது பல்லில் கெட்டியாகப் படிந்த அழுக்கை, நீக்கும் சுத்தம்) செய்த பின் கூசுவது சகஜம். பல வருடமாக வேரைப் போர்த்தியிருந்த பற்காரை போய்விட்டது, வேர் முதன்முறையாகக் குளிர்ச்சியைச் சந்திக்கிறது. சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் குறையும், கூச்ச பேஸ்ட் உதவும். ஸ்கேலிங்கால் பல் கெட்டுவிட்டது என்று அடுத்த முறை வராமலே இருந்துவிடுகிறார்களே, அதுதான் எனக்கு வருத்தம்.

அடைப்பு வைத்த பல் 2 முதல் 4 வாரம் வரை கூசலாம், ஆழமான அடைப்பு என்றால் இன்னும் கொஞ்சம். நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வர வேண்டும் என்பதுதான் முக்கியம். கூடிக்கொண்டே போனால், அல்லது சூட்டுக்கும் வலித்தால் காத்திருக்காதீர்கள்.

வெண்மையாக்கும் சிகிச்சைக்குப் பின் வரும் கூச்சம் சில நாளில் போய்விடும். அடுத்த அமர்வைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். எல்லாப் பற்களும் லேசாகக் கூசும்போது ஒன்று மட்டும் கடுமையாகத் துடித்தால் அந்தப் பல்லில் சொத்தையோ விரிசலோ இருக்க வாய்ப்பு உண்டு.

## அறிகுறி 6: காலையில் எழும்போது பல் கூச்சம், தாடை வலி

இரவில் பல்லைக் கடிக்கிறீர்களா என்று கேட்டால் கிட்டத்தட்ட எல்லோரும் இல்லை என்பார்கள். பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். கண்ணாடியில் கோரைப் பல்லின் கூர்முனை தட்டையாகியிருக்கிறதா, நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தடங்கள் இருக்கின்றனவா, கன்னத்தின் உட்புறம் வெள்ளைக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள்.

பகலில் செய்ய வேண்டியது ஒன்றே. உதடு மூடியிருக்கலாம், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. வண்டி ஓட்டும்போதும் திரையைப் பார்த்து வேலை செய்யும்போதும் அடிக்கடி கவனியுங்கள். இரவுக்கு மருத்துவர் அளவெடுத்துச் செய்யும் நைட் கார்ட், அதாவது பல்வரிசையில் மாட்டும் கவசம். அது பல்லைக் காக்கும், கடிப்பதை நிறுத்தாது.

கூடவே சத்தமான குறட்டை, காலைத் தலைவலி, பகலில் தூக்கம் சொக்குவது இருந்தால், தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறு இருக்கிறதா என்று மருத்துவரிடம் சோதித்துக்கொள்ளுங்கள். பல் கடிப்பதோடு அது சேர்ந்து வருவதுண்டு, அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் ரத்த அழுத்தமும் இதயமும் பாதிக்கப்படும். மன அழுத்தத்துக்குத் தரும் மருந்துகள் சிலவும் பல் கடிப்பதைக் கூட்டலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

## அறிகுறி 7: மேல் முன்பற்களின் உட்புறம் தேய்ந்து, பல பற்கள் கூசுகின்றன

இந்த ஒரு அடையாளத்தை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். சிறிய கண்ணாடி ஒன்றை வாய்க்குள் பிடித்து, மேல் முன்பற்களின் பின்பக்கத்தைப் பாருங்கள். அண்ணத்தைப் பார்த்த பக்கம் கண்ணாடிபோல் வழுவழுப்பாக, மஞ்சளாக, குழிந்து இருக்கிறதா? முனை மெலிந்து ஒளி ஊடுருவுகிறதா? கடைவாய்ப் பல்லில் உள்ள பழைய அடைப்பு, சுற்றியுள்ள பல் கரைந்துபோனதால் தீவுபோல் தூக்கி நிற்கிறதா? குடிக்கும் பானத்தின் அமிலம் பெரும்பாலும் வெளிப்புறத்தைத்தான் முதலில் தாக்கும். உட்புறம் தேய்ந்திருந்தால் அமிலம் கீழிருந்து, அதாவது வயிற்றிலிருந்து வருகிறதா என்று சந்தேகிக்க வேண்டும்.

நெஞ்செரிச்சல் இல்லையே என்பார்கள். எரிச்சலே இல்லாமலும் அமிலம் மேலே வரும். காலையில் வாயில் புளிப்பு, தொண்டைக் கரகரப்பு, படுத்தால் வறட்டு இருமல், அடிக்கடி தொண்டையைச் செருமுவது, இவற்றைக் கேட்டால் ஆமாம் என்று வரும். பல் மருத்துவர் பற்களை மூடிக் காப்பாற்றலாம், ஆனால் அமிலம் நிற்காமல் எந்த அடைப்பும் நிலைக்காது. குடல், இரைப்பை மருத்துவரைப் பார்ப்பதுதான் முதல் வேலை. அதுவரை இரவு உணவுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேர இடைவெளி விடுங்கள், கட்டிலின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்துங்கள்.

கர்ப்பத்தில் தொடர் வாந்தி இருப்பவர்களுக்கும் இதே தேய்மானம் வரும். வாந்திக்குப் பின் உடனே பிரஷ் எடுக்காதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து கொப்பளித்துத் துப்பிவிடுங்கள்.

எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பிட்டதைத் தாமே வாந்தி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். பெற்றோருக்குத் தெரியாது, நண்பர்களுக்குத் தெரியாது, பற்கள் காட்டிக்கொடுத்துவிடும். இதைப் படிக்கும் ஒருவருக்கு அது பொருந்தினால்: உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள், உங்கள் பல் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். இது ஒரு நோய், இதற்கு மனநல மருத்துவத்தில் நல்ல சிகிச்சை இருக்கிறது. அந்த வாந்தி உடலின் பொட்டாசியத்தைக் குறைத்து இதயத் துடிப்பையே குலைக்கக்கூடியது, எனவே பல்லைவிடப் பெரிய அவசரம் அது.

## அறிகுறி 8: வாய் வறட்சியோடு, புதிது புதிதாகப் பற்கள் கூசுகின்றன

எச்சில்தான் அமிலத்தைச் சமன்செய்து, கரைந்த தாதுக்களைப் பல்லுக்குத் திருப்பித் தருகிறது. அது குறைந்தால் சில மாதங்களிலேயே வேர்ப் பகுதிகளில் சொத்தை வரிசையாக வரும்.

முதலில் உங்கள் மருந்துப் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வாமை மாத்திரைகள், மன அழுத்த மருந்துகள், சிறுநீர்ப்பை மருந்துகள், சில ரத்த அழுத்த மருந்துகள் எச்சிலைக் குறைக்கும். மாற்று மருந்து உண்டா என்று கேட்டுப்பாருங்கள். தாகம் அதிகமாகி, இரவில் பலமுறை சிறுநீர் போனால் சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கண்ணும் சேர்ந்து உலர்ந்து உறுத்தினால் ஷோகிரன் நோயா (உடலின் எதிர்ப்பு சக்தியே எச்சில், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோய்) என்று பார்க்க வேண்டும். தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்களுக்கு இது கடுமையாக இருக்கும், அவர்கள் சிகிச்சை தொடங்கும் முன்பே பல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

அடிக்கடி ஒரு வாய் தண்ணீர், சர்க்கரையில்லாத சூயிங்கம். புளிப்பு மிட்டாய் வேண்டாம். சாதாரணப் பேஸ்ட்டில் 1,000 முதல் 1,500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) ஃபுளோரைடு இருக்கும். வறட்சி அதிகமானவர்களுக்கு 5,000 பிபிஎம் பேஸ்ட்டை மருத்துவர் எழுதித் தரலாம்.

## அறிகுறி 9: கூச்சத்தோடு ஈறில் ரத்தம், பற்கள் நீண்டுவிட்ட மாதிரி தெரிகின்றன

பல் நீளவில்லை, ஈறும் அடியில் உள்ள எலும்பும் இறங்கியிருக்கின்றன. இது ஈறு நோய். வாய் நாற்றம், இடைவெளி விழுவது, பல் ஆட்டம் சேர்ந்து வரும். புகைப்பவர்களுக்கு ரத்தம் அதிகம் வராது, அதனால் நோய் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

ஈறு நோய்க்கும் நீரிழிவுக்கும் உறவு இருவழியானது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு வேகமாகக் கெடும். ஈறில் நாள்பட்ட அழற்சி இருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். ஈறு சிகிச்சைக்குப் பின் மூன்று மாத சராசரிச் சர்க்கரை அளவு சற்று குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதய நோயுள்ளவர்களிடமும் ஈறு நோய் அதிகம் காணப்படுகிறது, ஒன்றுதான் மற்றதை உண்டாக்குகிறது என்று இன்னும் உறுதியாகவில்லை. இளம் வயதிலேயே ஈறு வேகமாக இறங்கினால் சர்க்கரை பார்த்துவிடச் சொல்கிறேன்.

இங்கே கூச்ச பேஸ்ட் துணைக்கு மட்டும். ஈறுக்கு அடியில் ஆழமாகச் சுத்தம் செய்வதுதான் சிகிச்சை, அதற்குப் பின் குறிப்பிட்ட இடைவெளியில் பராமரிப்பு.

## அறிகுறி 10: பல்லில் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் கூசுகிறது

மேல் கடைவாய்ப் பற்கள் மூன்று நான்கு ஒன்றாக வலித்து, குனிந்தாலும் குதித்தாலும் அதிகமாகி, சளியும் மூக்கடைப்பும் இருந்தால் சைனஸ். அந்தப் பற்களின் வேர்கள் சைனஸுக்கு மிக அருகில் இருக்கின்றன. சைனஸ் தீர்ந்தால் பல்லும் அடங்கும்.

முகத்தில் காற்று பட்டாலோ, உதட்டைத் தொட்டாலோ, பிரஷ் பட்டாலோ மின்னல் பாய்ந்ததுபோல் ஒரே பக்கத்தில் சில நொடி வலி வந்து, இடையில் முற்றிலும் இல்லாமல் இருந்தால் முக்கிளை நரம்பு வலியாக (முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பில் வரும் வலி) இருக்கலாம். நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டியது அது. இதைப் பல் வலி என்று எண்ணி நல்ல பற்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. காரணம் தெளிவாகத் தெரியாத வலிக்கு யார் பல்லை எடுக்கச் சொன்னாலும் இரண்டாவது கருத்து கேளுங்கள்.

## குழந்தைகளுக்குக் கூசினால்

சுமார் 6 வயதில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் சில குழந்தைகளுக்கு எனாமல் சரியாக உருவாகாமலே வரும். வெள்ளை, மஞ்சள், பழுப்புத் திட்டுகள் தெரியும். துலக்கும்போது வலிப்பதால் குழந்தை அந்த இடத்தைத் தவிர்க்கும், நாம் அடம் என்று திட்டுவோம். வெதுவெதுப்பான தண்ணீரில் துலக்கவிட்டு, சீக்கிரமே மருத்துவரிடம் காட்டுங்கள். இந்தப் பல்லின் எனாமல் வேகமாகப் பெயர்ந்து உதிரும். 12 வயதுக்குள் கூச்ச பேஸ்ட்டை மருத்துவர் சொன்னால் மட்டும்.

## மருத்துவரிடம் போகும்போது

எந்தப் பல், எதற்குக் கூசுகிறது, எத்தனை நொடி, எப்போதிலிருந்து, கூடுகிறதா குறைகிறதா என்பதை எழுதி எடுத்துப்போங்கள். வலி தாங்க முடிகிறது என்றால், போவதற்குச் சில மணி நேரம் முன்பு வலி மாத்திரை போடாதீர்கள். மாத்திரையின் வேலையில் சோதனைகள் தவறாகக் காட்டும். சாப்பிடும் எல்லா மருந்துகளையும் சொல்லுங்கள். முக்கியமாக ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்து, எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் ஊசி, செயற்கை இதய வால்வு, கர்ப்பம் ஆகியவற்றைக் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். எலும்பு ஊசி போட்டுக்கொள்பவருக்குப் பல்லை எடுத்தால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. செயற்கை வால்வு உள்ளவருக்குச் சில சிகிச்சைகளுக்கு முன் ஆன்டிபயாடிக் தர வேண்டியிருக்கும்.